ஆஸ்பத்திரி வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு

என் வீட்டுக்காரரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது என்று நாள் குறித்துவிட்டார்கள். போன ஐப்பசியில் நடந்தது இது. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற மாதிரி காலண்டரைப் புரட்டி, வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஒத்து வராதென்றால் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று எங்களிடமே கேட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். அழுகை நின்ற பிறகு கோபம் வந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

நம் பாதயாத்திரைக் குழு போடுகிற ஆண்டு மலருக்கு அனுபவத்தை எழுதித் தரச் சொன்னபோது, "மனசுக்கு எதமா எழுதுங்கக்கா" என்றார்கள். இதமாக எழுத எனக்கு வராது. முருகன் என் முறையீட்டைக் கேட்டான். என் வீட்டுக்காரர் இன்றைக்கு இரண்டு காலோடு தென்னந்தோப்புக்குள் நடக்கிறார். அதற்குச் சாட்சி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொன்னால் சில பேருக்குச் சுருக்கென்று இருக்கும், நம் குழுவில் உள்ளவர்களுக்கும் சேர்த்துத்தான். இருந்தால் இருக்கட்டும்.

என் பெயர் தங்கமணி. பாலக்காடு மாவட்டத்தில் வடகரப்பதிப் பக்கம் எங்களுக்குத் தோட்டம். தென்னை, கொஞ்சம் நிலக்கடலை, தக்காளி. கிழக்கே நாலைந்து தோட்டம் தாண்டினால் தமிழ்நாடு. ரேஷன் கார்டு மலையாளத்தில், பேச்சு தமிழில், உடம்புக்கு முடியவில்லை என்றால் கோயமுத்தூர். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் இப்படித்தான். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவை உங்களில் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்கும்போது காவடியோடு எல்லோருக்கும் முன்னால் போகிறவர் அவர்தான். அவருக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. அதுவும் உங்களுக்குத் தெரியும்.

போன வருஷப் பங்குனியிலும் அப்படித்தான் நடந்தார். பங்குனி வெயிலில் தார் ரோடு எப்படிக் கொதிக்கும் என்று நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் ஓரத்து மண்ணில் இறங்கி இறங்கி நடந்தீர்கள். அவர் நடு ரோட்டிலேயே நடந்தார். அவருக்குச் சுடவில்லை. "முருகன் அருள்" என்று நீங்கள் சொன்னீர்கள். அருள் ஒன்றும் இல்லை. சர்க்கரை அவர் பாதத்தின் உணர்ச்சியைத் தின்று முடித்திருந்தது.

வீடு திரும்பிய மறுநாள் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் காய்ந்த ரத்தக்கறை, ஓர் எட்டு விட்டு ஓர் எட்டு. ஓடிப்போய் அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, பாதம் தரையில் ஊன்றுகிற மேட்டில், ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோலே இல்லை.

"ஏனுங்க, வலிக்கலீங்களா?"

"ஒரு வலியும் இல்ல புள்ள. முருகன் பாத்துக்குவான், உடு."

அன்றைக்கே ஊரை ஒட்டிய சின்னப் பாறைக் கரட்டு மேல் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார். புண் ஆறி, மறுபடி பழனிக்கு நடந்து வருகிற வரைக்கும் காலில் செருப்புத் தொடுவதில்லை என்று வாக்கு. அதைக் கேட்டு ஊரே மெச்சியது. "கால்ல புண்ண வெச்சுக்கிட்டும் செருப்புப் போடறதில்லயாமா, என்ன பக்தி பாரு" என்று சொன்னது நீங்கள்தான். நம் குழுவில் ஒருத்தர் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கட்டுப் போட்டிருந்த காலை!

செருப்பு என்றால் முள்ளுக்கும் அழுக்குக்கும் என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும் அதே நினைப்புத்தான். துணியைத் தடிமனாகச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் மாட்டி, ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் அழுக்கு எங்கிருந்து வரும்? வாக்கும் காப்பாற்றியாயிற்று, புண்ணும் காப்பாற்றியாயிற்று. இந்த வேஷத்தோடுதான் அவர் தினமும் தோட்டத்துக்குப் போனார். தண்ணீர் கட்டினார். தேங்காய் பொறுக்கினார். புண் ஆறவில்லை.

வைகாசியில் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் சொல்ல மாட்டேன். புண்ணைச் சுத்தம் செய்து, அதற்குள் ஸ்பாஞ்சை வைத்து, மேலே கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றை ஒட்டி, அதிலிருந்து ஒரு குழாயை ஒரு பெட்டியில் சொருகினார்கள். பெட்டி புண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வேக்குவம் என்றார்கள். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார்கள். பொய் சொல்லக் கூடாது, புண் நன்றாகச் சிவந்தது, குழி மேலேறி வந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். வந்த கொஞ்ச நாளில் மறுபடி அதே குழி. சுற்றிலும் தோல் தடித்து வெளுத்து, நடுவில் ஈரம்.

ஆடியில் இன்னொரு ஆஸ்பத்திரி. "வேக்குவமா? அது தண்ணி எறைக்கற மெஷின்ங்க, அவ்வளவுதான்" என்று அங்கே இருந்த டாக்டர் சிரித்தார். என் வீட்டுக்காரரின் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்ற வைத்து, அதிலிருந்து மஞ்சளாக ஒரு பசையைப் பிரித்துப் புண்ணில் வைத்துக் கட்டினார்கள். நம் ரத்தத்தில் இருக்கிற தட்டணுக்களே நம் புண்ணை ஆற்றுமாம். அங்கேயும் தங்கவைத்தார்கள். அங்கேயும் நல்ல சதை வளர்ந்தது. வீட்டுக்கு வந்தோம். மறுபடி குழி.

புரட்டாசியில் மூன்றாவது இடம். அங்கே முந்தின இரண்டையும் கேலி செய்தார்கள். ஆள் படுக்கிற அளவுக்குப் பெரிய குழாய் ஒன்று இருந்தது. அதற்குள் படுக்க வைத்து, மூடி, அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். தினமும் போக வேண்டும் என்பதால் கோயமுத்தூரில் எங்கள் மகள் வீட்டில் தங்கினோம். அவர் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்தார். புண் சுருங்கியது. ஊருக்கு வந்தோம். திறந்துகொண்டது.

எனக்கு எப்படி எரிந்திருக்கும் என்று பாருங்கள். இந்த வைத்தியம் உசத்தியா அந்த வைத்தியம் உசத்தியா என்று ஒருத்தர் மேல் ஒருத்தர் பேசினார்களே தவிர, கட்டிலில் ஆறுகிற புண் வீட்டுக்கு வந்தால் ஏன் திறக்கிறது என்று ஒருவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். "சுகர் கண்ட்ரோல்ல இல்லம்மா" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். நான் அரிசிப் பானையைப் பூட்டாத குறையாக அவருக்குச் சோற்றை அளந்து போட்டேன். சர்க்கரை இறங்கியது, புண் ஆறவில்லை. "செருப்புப் போடுங்க" என்று எல்லோரும்தான் சொன்னார்கள். எப்படி? மாத்திரை எழுதிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், காற்றில் சொன்னார்கள். இவர் "சரிங்க" என்பார். போட்டிருக்கிறாரா என்று யாருக்குத் தெரியும்? டாக்டர் அறைக்குள் போகிற எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தானே போகிறோம். உள்ளே எல்லாக் காலும் வெறுங்கால்தான்.

இதற்கு நடுவில் என் நங்கையா வந்தார். அவர் என் வீட்டுக்காரரின் அக்காள். தம்பி மேல் உயிர். "ஆஸ்பத்திரில ஆறுது, ஊட்டுக்கு வந்தாத் தொறக்குது. அப்ப ஊட்டுலதான் ஏதோ இருக்குது அம்மிணி" என்றார். வாஸ்து பார்க்கிற ஆளைக் கூட்டி வந்தார். அந்த ஆள் திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, கொல்லைப்பக்கக் கதவுதான் குற்றம் என்று செங்கல் வைத்து அடைக்கச் சொன்னான். அடைத்தார்கள். அதற்குப் பிறகு பின்னால் இருக்கிற கக்கூசுக்குப் போக என் வீட்டுக்காரர் வாசல் வழியாக இறங்கி வீட்டையே சுற்றிக்கொண்டு நடந்தார், வெறுங்காலோடு. நினைத்தால் இப்போதும் அந்த வாஸ்துக்காரனைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்கத் தோன்றுகிறது.

கடைசியில் அந்த மூன்றாவது ஆஸ்பத்திரியிலேயே, எலும்புக்குள் இறங்கியிருக்கும், இனிமேல் காலை வைத்துக்கொண்டிருப்பது உயிருக்கே ஆபத்து என்றார்கள். இறங்கியிருக்கிறது என்று சொல்லவில்லை, இறங்கியிருக்கும் என்றார்கள். திங்கட்கிழமை ஆபரேஷன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கரட்டுக் கோயிலுக்கு ஏறினேன். பூசாரி நடை சாத்திவிட்டுப் போயிருந்தார். கம்பிக் கதவு வழியாக முருகன் தெரிந்தான். நான் தேங்காய் கொண்டுபோகவில்லை, பழம் கொண்டுபோகவில்லை, கற்பூரம் கூடக் கொண்டுபோகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"வருசா வருசம் உன்ற மலைக்கு நடந்தாரே, அவருக்கு இதானா நீ குடுக்கறது? கால உட்டுடுன்னு உங்கிட்டக் கெஞ்ச நா வரல. ஏன் ஆறலைன்னு சொல்றதுக்கு ஒரே ஒரு ஆளக் காட்டு. காட்டீட்டுப் பொறவு வேணும்னாக் கால எடுத்துக்கோ. காரணந் தெரியாம என்ற ஊட்டுக்காரரு கால நா குடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான் என் பிரார்த்தனை. கண்ணை மூடி உருகவில்லை. சண்டை போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

திங்கட்கிழமை விடிந்தது. துணிமணி எல்லாம் பையில் கட்டி வைத்திருந்தேன். வண்டிக்காரர் போன் செய்தார். "அக்கா, இன்னிக்கு ஹர்த்தாலுங்க. வண்டி எடுத்தா கண்ணாடிய ஒடைச்சுப்போடுவாங்க. நாளைக்குப் போலாமுங்க."

முழு அடைப்பு நடத்தியது எந்தக் கட்சி, எதற்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் முருகனைத் திட்டியதை இங்கே எழுதினால் மலரில் போட மாட்டீர்கள். ஆள் காட்டு என்று கேட்டால் ஹர்த்தால் அனுப்புகிறாயா என்று பூஜை அறையைப் பார்த்துச் சத்தம் போட்டேன். அந்த நேரத்தில் திண்டாட்டம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆபரேஷன் என்று இவர் காலையில் எதுவும் சாப்பிடவில்லை. பழக்கத்தில் இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் வேர்த்துக் கொட்டி அப்படியே சாய்ந்தார். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து, ஈறில் சீனியைத் தடவிக்கொண்டே நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது.

"கோயமுத்தூருக்குப் போங்க தம்பி, அங்கதான் இவருக்குப் பாக்கறாங்க."

"பார்டர் கடக்கான் பற்றில்ல சேச்சி. பாலக்காடு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றார் டிரைவர். கேரளத்து நூற்றெட்டு எல்லை தாண்ட முடியாதாம்.

குளுக்கோஸ் ஏற்றியதும் கொஞ்ச நேரத்தில் கண் விழித்துவிட்டார். நர்ஸ் கால் கட்டைப் பார்த்துவிட்டு, "இதயும் காட்டிட்டுப் போங்க" என்று அறுவைப் பிரிவு ஓ.பி.க்கு அனுப்பினார். ஓ.பி. என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாதாரண நாளில் உள்ளே நுழைய இடம் இருக்காது. வாசலில் செருப்பு மலை மாதிரி குவிந்து கிடக்கும். அன்றைக்கு ஹர்த்தால். வராந்தா முழுக்கக் காலி. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரு லேடி டாக்டர். மலையாளி, ஆனால் தமிழ் பேசினார். கட்டைப் பிரித்து, அவசரப்படாமல் பார்த்தார். பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பார்த்தார். ஒரு சின்னக் கருவியை வைத்து ரத்தம் ஓடுகிற சத்தத்தை எங்களுக்கும் கேட்க வைத்தார். இவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூலால் பாதத்தில் அங்கங்கே தொட்டு "தெரியுதா?" என்று கேட்டார். இவர் வாயே திறக்கவில்லை. புண்ணுக்குள் கம்பியை விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்த்தார்.

"ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. எலும்பு எனக்குத் தட்டல்ல. எதுக்கும் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்திட்டு வாங்க" என்றவர், வழி காட்ட எங்களோடு வராந்தாவுக்கு வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. நீல ரப்பர் செருப்பு.

"இது யாருடெ?"

"என்றதுங்க."

"அப்போ இவருடெ செருப்பு எவிடெ?"

இவர் தரையைப் பார்த்தார். நான்தான் வாயைத் திறந்தேன். பங்குனி, கரட்டுக் கோயில், வாக்கு, பிளாஸ்டிக் கவர், எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எங்களைத் திரும்ப உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். என் கையை எடுத்து, புறங்கையில் தன் கட்டைவிரலை அழுத்தினார். விடவில்லை. விரலைச் சுற்றி வெளுத்துவிட்டது. வலித்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"பாத்தீங்களா, வலிச்சதும் இழுத்தீங்க. இவருக்கு வலிக்கல்ல, அதனால இழுக்க மாட்டார். ஒவ்வொரு அடிக்கும் மொத்த பாரமும் அந்த ஒரே எடத்தில. நான் விரல எடுக்காமலே உங்க கையில மருந்து போட்டா ஆறுமா?"

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. "அப்ப அந்த வேக்குவம், ரத்தத்துப் பசை, ஆக்ஸிஜன் எல்லாம் ஏமாத்தா?"

"இல்லம்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடம் உண்டு. ஆழமா, நீர் வடியற புண்ணுக்கு வேக்குவம் நல்லது. எல்லாம் சரியா செஞ்சும் நகராம நிக்கற சில புண்ணுக்குத்தான் மத்த ரெண்டும். ஆனா இவருக்கு முதல்ல பாரம் எறங்கணும். அது எறங்காம எது வெச்சாலும் கட்டில்ல ஆறும், வீட்டில தொறக்கும்."

கட்டிலில் ஆறும், வீட்டில் திறக்கும். இத்தனை மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில். "அவிங்களும் இதே படிப்புத்தானுங்களே படிச்சாங்க? ஒருத்தரு கேக்கலீங்களே!" என்று அந்த அறையில் நான் போட்ட சத்தத்துக்கு நர்ஸ் எட்டிப் பார்த்தார். டாக்டர் கோபப்படவில்லை.

"இன்னிக்கு ஹர்த்தால். எனக்கு நேரம் இருந்தது. வாசல் காலியா இருந்தது. நாளைக்கு வந்திருந்தா நானும் கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

நான் கேட்ட ஆள் இதுதான். நான் திட்டித் தீர்த்த ஹர்த்தால்தான் அந்த ஆளுக்கு நேரத்தைக் கொடுத்தது, வாசலையும் காலி செய்து வைத்தது. கண்ணில் தண்ணீர் தாரையாகக் கொட்டியது. கோபமும் போகவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

ஸ்கேனில் எலும்பு சுத்தமாக இருந்தது. காலை எடுக்க வேண்டியதே இல்லை. பாதத்தில் ஒட்டி உட்காருகிற மாதிரி முழங்காலுக்குக் கீழே வரைக்கும் மாவுக்கட்டு போட வேண்டும், அடியில் ரப்பர் வைத்து. ஊன்றுகிற பாரம் புண்ணில் விழாமல் கால் முழுக்கப் பரவிவிடுமாம். கழற்ற முடியாது. வாராவாரம் வந்து மாற்ற வேண்டும். இன்னொரு காலுக்கு அதற்கென்று செய்த செருப்பு.

செருப்பு என்றதும் இவர் எழுந்துவிட்டார். "அது முடியாதுங்க. கால் போனாப் போவுட்டும், சொன்ன வாக்குப் போவக்கூடாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நேர்ச்சைக்கு, இந்த வேண்டுதலுக்கு, எங்கிட்ட மருந்து இல்லம்மா. அது யார்கிட்ட இருக்கோ அங்க கேட்டிட்டு சீக்கிரம் வாங்க. அது வரைக்கும் இந்தக் கால் தரையில படக்கூடாது." ஊன்றுகோலைக் கொடுத்து அனுப்பினார்.

எனக்கு இருந்த ஆத்திரத்தில் அந்த ஊன்றுகோலாலேயே இவரை ஒன்று போட்டிருப்பேன். காரணம் தெரிந்துவிட்டது, மருந்து தெரிந்துவிட்டது, கால் பிழைக்கும் என்று தெரிந்துவிட்டது. இந்த மனுஷன் வாக்கு வாக்கு என்று உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். பூவாக்கு. எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் செய்யலாமா கூடாதா என்று தெரியாவிட்டால் கோயிலில் பூவாக்குக் கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, கேள்வியைச் சொல்லி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் சம்மதம். "நீயே எடுத்தா நம்ப மாட்டேன், அக்கா எடுக்கோணும்" என்றார் இவர். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

நங்கையாவும் நானும் கரடு ஏறினோம். அன்று கிருத்திகை. நாம் எல்லோரும் சேர்ந்து செய்து போட்ட வெள்ளிக் கவசத்தில் முருகன் நின்றான். பூசாரி பொட்டலத்தைப் போட்டார். "எந்தம்பி வேண்டுதல உட்டறலாமா சாமி?" என்று கேட்டு நங்கையா ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"பாத்தயா அம்மிணி, அவன் ஒத்துக்கல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் நங்கையா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். முருகனின் பாதத்தில் வெள்ளிக் கவசம் பளபளவென்று இருந்தது. விரல் விரலாகச் செதுக்கி, பாதத்தை மூடி. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு வேகம் வந்ததோ தெரியவில்லை.

"உன்ற காலுக்கு மட்டும் வெள்ளியில மூடியிருக்குது, என்ற ஊட்டுக்காரரு கால் முள்ளுலயும் கல்லுலயும் கெடக்கோணுமா? சரி, உனக்கு வாக்குத்தான வேணும்? வாக்க உட வேண்டாம். நா எடுத்துக்கறேன். பூசாரி, இன்னொருக்காப் போடுங்க. அவரு காலுக்குப் பதிலா என்ற காலு. ஒத்துக்கறானான்னு கேளுங்க."

பூசாரி தயங்கினார். "புருசன் வேண்டுனத பொஞ்சாதி ஏத்துக்கறதுண்டுங்க, ஆனா…" என்று இழுத்தார். இழுக்க விடவில்லை நான். மறுபடி பொட்டலம் விழுந்தது. நங்கையா ஒன்றைக் கையில் எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

நங்கையா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "ஒத்துக்கிட்டான் அம்மிணி, ஒத்துக்கிட்டான்." நான் என் நீல ரப்பர் செருப்பைக் கோயில் படியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினேன். மறுநாள் ஆள் கூட்டி வந்து கொல்லைக் கதவை இடித்துத் திறந்துவிட்டதும் நங்கையாதான்.

அக்காவே எடுத்த பூ என்பதால் இவரும் ஒத்துக்கொண்டார், மாவுக்கட்டுப் போட்டார்கள். டாக்டர் முதலில் எனக்கே சர்க்கரை பார்த்து, என் பாதத்தையும் நூலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னை வெறுங்காலோடு விட்டார். வாராவாரம் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் புண் சின்னதாகிக்கொண்டே வந்தது. கார்த்திகையில் மிளகு அளவு. மார்கழியில் மேல்தோல் மூடியது. தையில் கட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு காலுக்கும் அளவெடுத்துச் செய்த செருப்பைப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஓர் அடிகூட வெறுங்காலில் வைக்கக் கூடாது, கோயிலாக இருந்தாலும் கூடாது, இல்லாவிட்டால் மறுபடி திறக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னார் டாக்டர்.

இந்தப் பங்குனிக்கு உங்களோடு நடந்தது நான்தான், பார்த்தீர்கள். தார் ரோடு என் காலைப் பொரித்தெடுத்தது. எவ்வளவு வலித்தது தெரியுமா? ஒவ்வொரு அடிக்கும் ஐயோ ஐயோ என்று ஓரத்து மண்ணுக்கு ஓடினேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, வலிக்கிறதால்தானே ஓடுகிறேன், ஓடுகிறதால்தானே என் காலில் புண் இல்லை. வலிக்கிற காலைக் கொடுத்திருக்கிறாயே, நன்றி முருகா என்று அழுதுகொண்டே நடந்தேன். அதற்கு முன்னால் வலிக்காக யாராவது சாமிக்கு நன்றி சொல்லியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

இவர் பஸ்ஸில் வந்து அடிவாரத்தில் கிரி வீதி ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், செருப்போடு. மேலே ஏற முடியாது என்று முகம் சுண்டிப்போயிருந்தது. நான் மட்டும் மலை ஏறினேன். சன்னிதியில் தள்ளுமுள்ளில் நிற்க விட்ட கொஞ்ச நேரத்தில் இதைத்தான் சொன்னேன்: "நடந்து வந்துட்டேன், வாக்கு முடிஞ்சுது. அவரு கீழ செருப்போட உக்காந்திருக்கறாரு. பாக்கோணும்னா நீதான் எறங்கி வரோணும்."

இறங்கி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அரோகரா சத்தம். கிரி வீதியில் தேர் திரும்பியது. வள்ளி தெய்வானையோடு அவன் வந்துகொண்டிருந்தான். இவர் தடுமாறி எழுந்தார், எழுந்தவுடன் குனிந்து செருப்பு வாரை அவிழ்க்கப் போனார். நான் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"கழட்டாதீங்க!"

"சாமி வருது புள்ள, உடு."

"வருட்டும். தெரிஞ்சுதான் வருது."

பக்கத்தில் நின்ற யாரோ, "ஏம்மா, தேர் வர்ற நேரத்துல செருப்போட…" என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். தேர் எங்களுக்கு நேரே வந்து நின்றது. தேர் எங்கேயும் நிற்கும்தான், கட்டை போட்டுத் திருப்புவார்கள், எனக்குத் தெரியும். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இவர் செருப்போடு நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, குழந்தை மாதிரி அழுதார். நான் காலை விடவே இல்லை.

இனி உங்களுக்குச் சொல்கிறேன். அடுத்த பங்குனிக்குப் புறப்படுகிறவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பாதத்தை டாக்டரிடம் காட்டாமல், நடக்கலாம் என்று அவர் சொல்லாமல் யாரும் புறப்பட வேண்டாம். அவர் சொல்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கட்டும். முடியாதவர்கள் பஸ்ஸில் வரட்டும். அதைப் பக்திக் குறைவு என்று யாராவது பேசினால் என்னிடம் அனுப்புங்கள். முருகனை நம்புங்கள், முழுசாக நம்புங்கள். கும்பிட வராவிட்டால் சண்டையாவது போடுங்கள், அவன் கேட்பான். எனக்குக் கேட்டான். ஆனால் அவன் ஆளைக் காட்டினால், அந்த ஆள் சொல்வதையும் கேளுங்கள்.

பழனியிலிருந்து வந்த பிறகு டாக்டரிடம் காட்டப் போனோம். அன்று ஹர்த்தால் இல்லை, நல்ல கூட்டம். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவில் நான் அடிவாரத்தில் வாங்கிய புதுச் செருப்பை விட்டேன். இவர் பழக்கத்தில் குனியப் போனார். உள்ளேயிருந்து டாக்டர் சத்தம் போட்டார், "அவரு போட்டிட்டே வரட்டும்!" கூட்டம் முழுக்க எங்களையே பார்க்க, என் வீட்டுக்காரர் செருப்புக் காலோடு டப் டப்பென்று உள்ளே நடந்து போனார். எங்கள் வீட்டிலிருந்து அன்றைக்கும் அந்த வாசலில் கிடந்தது ஒரே ஒரு ஜோடிதான்.